பட்டறைக்குள் பூட்டிய ஊர்ப்பெயர்

கிளிமூக்கூர்க்காரர்களிடம் பேரம் பேசிப் பழகியவர்களுக்குத் தெரியும், அவர்கள் யாரையும் ஏமாற்ற மாட்டார்கள். ஏமாற்றுவதற்கு வேண்டிய சாமான் அவர்களிடம் கிடையாது. வாங்குகிறவர் கண்ணுக்கு எதிரே எடை போட வேண்டும் என்று ஒரு அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தராசை வாங்குகிறவர் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துத்தான் நிறுக்கிறார்கள். குள்ளமான ஆள் வந்தால் மண்டி போட்டு நிறுப்பார்கள். அவ்வளவு நாணயம்.

அந்த வருஷம் சின்ன வெங்காயம் கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டது. படல் கட்டி வெங்காயம் சேர்த்து வைக்கும் பட்டறைகள் எல்லாம் நிறைந்துவிட்டன. அதிலே பெரிய பட்டறை மருதாம்பாளுடையது. சிங்கப்பூர் வியாபாரி ஒருவர் போன் போட்டு, "வெப்சைட் ஒண்ணு போடுங்கம்மா. சரக்கைப் பார்த்துட்டு மொத்தத்தையும் நானே எடுத்துக்கிறேன்" என்றார். மழை வருவதற்குள் போக வேண்டும். ஈரம் ஏறிக் குருத்து விட்டால் அந்த வெங்காயத்தை மாடுகூட மோந்து பார்க்காது.

மருதாம்பாள், வெங்காயச் சங்கத் தலைவர் நல்லுசாமியை இழுத்துக்கொண்டு டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஆரோனிடம் போனாள்.

"ஊர்ப் பேர்லயே போட்டுரலாம்" என்றான் ஆரோன். "ஆனா இன்டர்நெட்டுல ஒரு பேரு ஒருத்தருக்குத்தான். முந்துறவங்களுக்குக் கிடைக்கும். அந்தப் பேரை யார் நிர்வாகம் பண்றதுன்னு சம்பந்தப்பட்ட எல்லாரையும் கூப்பிட்டுப் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் வேற யாரும் அதை எடுத்துக்காம பாத்துக்கங்க."

அப்போதே அவனைத் தட்டச் சொல்லியிருந்தால் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்திருக்கும். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றுகிறது. அவர்களோ பஸ் பிடித்து ஊருக்கு ஓடினார்கள், பெயரைக் காப்பாற்ற.

ஊர்ப்பெயர் எங்கே இருக்கிறது? ரோட்டோரத்தில், பச்சைப் பலகையில், ராத்திரி பகல் காவலில்லாமல் நிற்கிறது.

"இத்தனை வருஷமா எவனும் எடுத்துட்டுப் போகலையே, அதிசயம்தான்!" என்றார் நல்லுசாமி.

கடப்பாரை போட்டுப் பலகையைப் பிடுங்கி, மருதாம்பாள் பட்டறையில் வெங்காயத்துக்குள் புதைத்துப் பூட்டினார்கள். பட்டறைக்கு முன்னால் அத்தியப்பன் என்கிறவனைத் தடியோடு உட்கார வைத்தார்கள். "என்னடா காவல் காக்கிறே?" என்று யார் கேட்டாலும், "பேரு" என்பான்.

அடுத்தது சபை. காவல் கெடாமல் இருக்க அதைப் பட்டறை வாசலிலேயே கூட்டினார்கள். சம்பந்தப்பட்டவர்கள் யார் யார் என்பதில்தான் சண்டையே வந்தது.

"பேரை யாரு அதிகமாச் சொல்றாங்களோ அவங்களுக்குத்தான் அதிகமா சம்பந்தம்" என்றார் நல்லுசாமி.

"அப்ப பஸ் கண்டக்டருக்குத்தான் சேரும் மாமா. அந்தாளு நாள் பூரா அதைச் சொல்லித்தானே பொழைக்கிறாரு" என்றான் அத்தியப்பன்.

"கண்டக்டர் என்ன கண்டக்டர்! பக்கத்து ஊரு மேலக்காட்டுக்காரனுங்களைப் பாரு. அவனுங்க ஊர்ல எவன் கோணலா ஒரு வேலை செஞ்சாலும், 'ஏண்டா, நீ என்ன கிளிமூக்கூரா?'ன்னுதான் கேக்குறானுங்க. பால் பொங்கி வழிஞ்சாக்கூட நம்ம பேருதான்!" என்றாள் மருதாம்பாள்.

சபை யோசித்தது. நியாயம் என்றால் நியாயம்தான். பெயரை நிர்வாகம் பண்ண ஒரு கமிட்டி அமைத்து, அதில் பாதிக்கு மேலே மேலக்காட்டுக்காரர்களைப் போட்டு, அவர்களில் குணபூசணத்தைத் தலைவராக்கி மாலையும் போட்டார்கள். குணபூசணமும் வெங்காய வியாபாரிதான். அவர் பட்டறையும் நிறைந்துதான் கிடந்தது.

மாலையைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்: "பேரு இருக்கிறது பலகையில மட்டும் இல்லீங்க, வாயிலயும் இருக்கு. ஒருத்தன் சொன்னா, கேட்டவன் எடுத்துக்க எம்புட்டு நேரமாகும்? இனிமே கமிட்டி அனுமதி இல்லாம எவரும் அதைச் சொல்லப்படாது."

நல்லுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "அசலூர்க்காரருக்கு நம்ம பேர் மேல எவ்வளவு அக்கறை பாத்தீங்களா!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

மறுநாள் முதல் கண்டக்டர், "அந்த ஊரெல்லாம் எறங்கு!" என்று கத்தினார். விஷயம் தெரியாத மாப்பிள்ளை ஒருவர் பெண் பார்க்க வந்து, ஊர் எதுவென்று தெரியாமல் மேலக்காட்டில் இறங்கி, அங்கேயே பெண்ணையும் முடித்துவிட்டார்.

வானம் கறுத்தது. மருதாம்பாள் கமிட்டியின் முன்னால் போய் நின்றாள்.

"பேரைப் பதியணும். அனுமதி குடுங்க."

"எந்தப் பேரை?" என்றார் குணபூசணம்.

"அதான், நம்ம பேரை."

"பேரைச் சொன்னாத்தானே அனுமதி குடுக்க முடியும்?"

"அனுமதி குடுத்தாத்தானே பேரைச் சொல்ல முடியும்?"

நல்லுசாமி இரண்டு பக்கமும் தலையாட்டினார். "ரெண்டு பேரும் சரியாத்தான் பேசுறீங்க. அதனால டீ குடிச்சுட்டு மறுபடியும் பேசுவோம்."

டீயும் வந்தது, மழையும் வந்தது. மருதாம்பாளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டது. "உங்க கமிட்டியைக் கொண்டுபோய்க் கெணத்துல போடுங்கய்யா!" என்று பட்டறையைத் திறந்தாள். உள்ளே வெங்காயத்தில் லேசாகக் குருத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பலகையை உருவிச் சாக்கில் கட்டினாள். நல்லுசாமியையும் இழுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

"என்ன பேரு போடணும்?" என்றான் ஆரோன்.

மருதாம்பாள் வாயைத் திறக்கவில்லை. கடைக் கதவைச் சாத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். சாக்கை அவிழ்த்துப் பலகையை மட்டும் காட்டினாள். ஆரோன் பார்த்தான், தட்டினான், பணம் கட்டினான். நல்ல பிள்ளை, வெங்காயப் படத்தையும் விலையையும் கையோடு ஏற்றிக் கொடுத்தான்.

"முடிஞ்சுதுக்கா. பேரு இப்ப உங்களுது. வேற எவனும் தொட முடியாது."

நல்லுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஜெயித்துவிட்டார்கள். குணபூசணமும் இல்லை, கமிட்டியும் இல்லை. இனி விற்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. சிங்கப்பூர் வியாபாரி. மருதாம்பாள் போனைக் காதில் வைத்தாள்.

"வெப்சைட் போட்டாச்சாம்மா?"

"ஆச்சுங்க, ஜம்முனு போட்டாச்சு."

"சந்தோஷம். என்ன பேரு? சொல்லுங்க, பாக்கிறேன்."

மருதாம்பாள் போனைக் கையால் பொத்திக்கொண்டு நல்லுசாமியைப் பார்த்தாள். நல்லுசாமி கண்ணை உருட்டி, கூடாது என்று தலையாட்டினார்.

"அதெல்லாம் சொல்றதுக்கில்லீங்க."

"சரி பரவாயில்ல. நான் இப்ப உங்க பக்கம்தான் வந்திருக்கேன். லாரி எடுத்துட்டு நேர்லயே வந்துடறேன். மொத்த சரக்கும் எனக்குத்தான். எந்த ஊருக்கு வரணும்?"

மருதாம்பாள் பட்டென்று போனை அணைத்துச் சுருக்குப் பையில் போட்டாள்.

"பாத்தீங்களா, ஆளை! மொதல்ல ஒரு வழியாக் கேட்டான், இப்ப இன்னொரு வழியாக் கேக்குறான். நல்லவேளை, போனை நான் எடுத்தேன். நீங்க எடுத்திருந்தா சொல்லித் தொலைச்சிருப்பீங்க!"