காகிதத்துக்கு வெளிய விழுந்த உலுங்கா

ஒரு ஊர்ல ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு ஒரு வடக்கு இருந்துச்சாம். வடக்கு அவருக்குச் சொந்தம்னு பெட்டியில ஒரு காகிதம் வச்சிருந்தாரு, அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிசுன்னு அவருக்கும் தெரியாது, காகிதத்துக்கும் தெரியாது.

அங்க ஏழு பெரிய ஆறு. ஏழும் வடக்கு பாத்தே ஓடும். போய்ச் சேர்ற கடல் உறைஞ்சு கிடக்கும். அது தெரியாம வருஷா வருஷம் ஓடிப்போய் மடார்னு முட்டிக்கிட்டு நிக்கும். பனிக்காலம் ஒன்பது மாசம், மிச்சம் மூணு மாசம் கொசு. நடுவுல சூரியன் ரெண்டு மாசம் லீவு போட்டுடும். தண்ணி வேணும்னா குடம் எடுத்துட்டுப் போக மாட்டாங்க, ரம்பம் எடுத்துட்டுப் போவாங்க. ஆத்தை கரகரன்னு அறுத்து, கட்டி கட்டியா வாசல்ல அடுக்கி, வேணுங்கிறப்ப உடைச்சு அடுப்புல வச்சு உருக்கிக் குடிப்பாங்க. பக்கத்து ஊர் நாலு நாள் தூரம். எதையாவது கேட்டு வாங்கப் போனா, போய்ச் சேர்றதுக்குள்ள எதுக்கு வந்தோம்னு மறந்துரும். சும்மா வந்தேன்னு டீ குடிச்சிட்டுத் திரும்பிருவாங்க.

ம் கொட்டு. ம்... அப்படித்தான்.

அந்த வடக்கோட கடைசியில உலுங்கான்னு ஒரு ஊர். பதினோரு வீடு. அதுல ஒரு வீட்டுல துயாரான்னு ஒருத்தி, அவ மக ஆய்க்காவோட இருந்தா. வருஷத்துக்கு ஒரு தடவை ஆத்துல பனி உடையும், டமார் டமார்னு. அப்போ ஒரு கப்பல் வரும். மாவு, உப்பு, டீத்தூள், ஒரு மருந்துப் பெட்டி, எல்லாம் அதுலதான். முந்தின வருஷம் ஆய்க்காவுக்கு நெஞ்சுல சளி கட்டி மூச்சு விட முடியாம கிடந்தப்ப, அந்தப் பெட்டிதான் காப்பாத்துச்சு.

அந்த வருஷம் கப்பல் வந்துச்சு. மூட்டையெல்லாம் இறக்கிட்டு கேப்டன் தொப்பியைக் கழட்டினான்.

"அம்மா, அடுத்த வருஷத்துல இருந்து வர மாட்டேன்."

"ஏன், நாங்க குடுத்த மீன் நல்லா இல்லையா?"

"மீன் நல்லாத்தான் இருந்துச்சு. புது வரைபடம் போட்டிருக்காங்க. தெற்குல இருந்து வரைஞ்சுக்கிட்டே வந்தாங்களா, உங்க ஊர் வர்றதுக்குள்ள காகிதம் தீர்ந்து போச்சு. இந்தா பாரு, இதுதான் ஆறு, இது காகிதத்தோட ஓரம், உங்க ஊரு இங்க, என் கட்டைவிரல்ல இருக்கு."

"சரி, கட்டைவிரலுக்கு வந்துட்டுப் போயேன்."

"காகிதத்துக்கு வெளிய கப்பல் போகக்கூடாதுன்னு சட்டம்மா."

துயாரா ஆறு மறுபடி உறையற வரைக்கும் காத்திருந்தா. ஆய்க்காவை அக்கம்பக்கத்துல விட்டுட்டு, சறுக்கு வண்டியைப் பூட்டி, தலைநகரத்துக்குக் கிளம்பிட்டா. பனியில வண்டி இழுக்கறது அங்க பனிமான், பெரிய கொம்பு வச்சது. நல்ல வயசு மானெல்லாம் ஆத்தை அறுத்து இழுத்துட்டு வர வேணும். அதனால புர்க்கோன்னு ஒரு கிழட்டு மானைத்தான் அவளால ஓட்டிட்டுப் போக முடிஞ்சுது.

அங்க தூரத்தை எப்படி அளப்பாங்க தெரியுமா? மைல் கல் நட்டா பனி மூடிரும். பனிமான் ஓடிக்கிட்டே ஒண்ணுக்குப் போகாது, நின்னுதான் போகும். ஒரு தடவை நின்னதுல இருந்து அடுத்த தடவை நிக்கிற வரைக்கும் ஒரு ஒண்ணுக்குத் தூரம். சிரிக்காத. ரொம்பக் காலமா அவங்களுக்கு அதுதான் அளவு. அப்போ துயாராவும் எண்ணிக்கிட்டே போனா. சர்ர்ர்... ஒண்ணு. சர்ர்ர்... ரெண்டு. புர்க்கோ வயசான மான் இல்லையா? கண்ணுக்கு எட்டின தூரம் போறதுக்குள்ள நின்னுரும். தலைநகரம் வர்றப்ப கணக்கு ஆயிரத்து முப்பது.

அங்க வரைபட அதிகாரி திமோஃபேன்னு ஒருத்தர். மேஜைக்குப் பின்னாடி மூக்கு மட்டும் தெரியும்.

"விண்ணப்பமா? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். மூணு கேள்வி. மூணுக்கும் முத்திரை விழுந்தா உன் வடக்கை வரைவோம். ஒண்ணு தப்பினாலும் கிளம்பிறணும். முதல்ல, உங்க நாட்டோட வரலாறு என்ன?"

"ஒரே ஒரு போர் நடந்துச்சு ஐயா. மேற்குல இருந்து ஒரு தளபதி, கிழக்குல இருந்து ஒரு தளபதி, வடக்கு எனக்குத்தான்னு கிளம்பி வந்தாங்க. இடம் பெரிசு. ஒருத்தரை ஒருத்தர் தேடவே மூணு வருஷம் ஆச்சு. கடைசியில உலுங்காவுல பாத்துக்கிட்டாங்க. வாளை உருவலாம்னா, அது உறையோட ஒட்டி உறைஞ்சு போச்சு. பாவம்னு ஆளுக்கொரு வீட்டுல அடுப்புகிட்ட உக்கார வச்சோம். வாள் இளகறதுக்குள்ள அடுத்த பனிக்காலம் வந்துருச்சு. அந்தந்த வீட்டுப் பொண்ணையே கட்டிக்கிட்டாங்க."

"போர்ல ஜெயிச்சது யாரு?"

"மாமியாருங்க."

திமோஃபே அப்படியே எழுதிக்கிட்டாரு. வெற்றி, மாமியார் தரப்பு. டொப்! முதல் முத்திரை.

"ரெண்டாவது. உங்க நாடு எங்க முடியுது?"

"கோடையிலயா, பனிக்காலத்துலயா?"

"நாடு எல்லாக் காலத்துலயும் ஒரே இடத்துலதானம்மா முடியும்?"

"எங்களுது அப்படி இல்ல ஐயா. கோடையில கரையோட முடிஞ்சிரும். பனிக்காலத்துல கடல் கெட்டியாயிரும், அது மேலயும் நாங்க மான் மேய்ப்போம், பாசி தேடி அது பாட்டுக்குப் போயிரும். தரையில இருந்து கடலுக்கு எந்த இடத்துல மாறினோம்னு எங்க காலுக்கே தெரியாது."

அவர் பேனாவைக் கடிச்சாரு. ராஜாவோட நாடு சின்னதா இருக்குன்னு எழுதினா வேலை போயிரும். பனிக்காலத்து அளவையே எழுதினாரு. டொப்! ரெண்டாவது முத்திரை.

"மூணாவது. எவ்வளவு தூரம்?"

"ஆயிரத்து முப்பது ஒண்ணுக்கு."

அவர் முகம் சுளிக்கல. ஒரு தடிப் புஸ்தகத்தை எடுத்துப் புரட்டினாரு. நல்ல பனிமானுக்கு ஒரு ஒண்ணுக்குத் தூரம் எட்டு மைல்னு அதுல இருந்துச்சு.

"உன் மான் நல்ல மானா?"

"ரொம்ப நல்ல மான் ஐயா, யாரையும் முட்டாது. ஆனா அதுக்கு வயசு..."

"வயசை யாரும் கேக்கல!"

டொப்! மூணாவது முத்திரை.

அப்புறம் புதுக் காகிதத்தை விரிச்சாரு. விண்ணப்பம் வந்த வரிசையிலதான் வரையணும்னு ஒரு விதி. விண்ணப்பம் போட்டது துயாரா மட்டும்தான். அதனால வடக்குல இருந்து ஆரம்பிச்சாரு. எட்டாயிரத்துச் சொச்சம் மைல்! கீறிச், கீறிச்னு ஆறு நாள் வரைஞ்சாரு. ஏழாவது நாள் காகிதம் தீர்ந்துச்சு. பாத்தா, தலைநகரம் உள்ள வரவே இல்ல. அரண்மனை இருக்க வேண்டிய இடம் மேஜைக் காலுக்கிட்ட விழுந்திருந்துச்சு.

ம்... தூங்கிட்டியா? இல்லையா? சரி.

அப்போ ராஜா காலையில உலாத்திட்டு வந்தா, அரண்மனை வாசல்ல காவல்காரன் ஈட்டியைக் குறுக்க நீட்டினான்.

"யோவ், நான் ராஜாய்யா!"

"இருக்கலாம் ராஜா. ஆனா இந்த இடம் நம்ம நாட்டுல இல்ல. உள்ள விட்டா, வெளிநாட்டுக்கு ஆள் கடத்தினேன்னு என்னைப் பிடிப்பாங்க."

ராஜா மூச்சு வாங்க வரைபட ஆபீசுக்கு ஓடி வந்தாரு.

"யாரு என் அரண்மனையைக் காகிதத்துல இருந்து தள்ளினது?"

"நானு," அப்படின்னா துயாரா. "தள்ளணும்னு நினைக்கல ராஜா. எங்க ஊர் உள்ள வரணும்னுதான் கேட்டேன்."

"திமோஃபே, கிழிச்சுப் போட்டுட்டு வேற வரை!"

"மூணு முத்திரை விழுந்ததைக் கிழிச்சா தலையை வாங்கணும்னு சட்டம் போட்டது தாங்கள்தான்."

"யார் தலையை?"

"கிழிக்கச் சொன்னவர் தலையை."

ராஜா கழுத்தைத் தடவிப் பாத்துக்கிட்டு நாற்காலியில உக்காந்துட்டாரு. காலையில இருந்து சாப்பாடு வேற இல்ல.

"கீழ இன்னொரு காகிதம் ஒட்டிக்கோங்களேன்," அப்படின்னா துயாரா.

ரெண்டு பேரும் அவளை வெறிச்சுப் பாத்தாங்க. அந்த யோசனை அந்த ஆபீசுல யாருக்கும் வந்ததே இல்ல. ஒட்டினாங்க. ராஜா அரண்மனைக்குள்ள போய் மூணு தட்டு சாப்பிட்டாரு. கப்பலும் உலுங்காவுக்குப் போகலாம்னு கையெழுத்து போட்டாரு.

அப்புறம் பனி உடைஞ்சதும் கப்பல் கிளம்புச்சு, ப்பாம்! மாவு, உப்பு, டீத்தூள், மருந்துப் பெட்டி, துயாரா, புர்க்கோ, எல்லாம் ஏறியாச்சு. கேப்டன் புது வரைபடத்தை மேல்தளத்துல விரிச்சு, நாலு மூலையிலயும் கல்லு வச்சு, குனிஞ்ச தலை நிமிராம ஓட்டினான்.

பதினெட்டாம் நாள் உலுங்கா வந்துருச்சு. பதினோரு வீடும் புகை விடுது. கரையில ஆய்க்கா கையை ஆட்டுறா, லொக்கு லொக்குன்னு இருமுறா.

"கேப்டனய்யா, நிறுத்து! ஊர் வந்தாச்சு!"

"எங்கம்மா வந்துச்சு? வரைபடத்துப்படி இன்னும் ஏழாயிரம் மைல் இருக்கு."

துயாராவுக்கு அப்பத்தான் புரிஞ்சுது. அவ எண்ணின கணக்குதான் அது. "அய்யா, அந்த அளவு தப்பு. எங்க மான் கிழட்டு மான், அடிக்கடி நின்னுச்சு!"

"அதை ஆபீசுல சொல்லணும். எனக்குக் காகிதம் சொன்னாத்தான்."

"தலையை நிமிர்த்திப் பாரேன்! அதோ என் மக!"

"வரைபடம் பாக்கிறப்ப நிமிரக் கூடாதும்மா."

கப்பல் ஊரைத் தாண்டுது. ஒரு வீடு போச்சு, ரெண்டு வீடு போச்சு. ஆய்க்கா கரையோரமா ஓடி வர்றா, ஓட முடியாம உக்காந்துட்டா. எட்டு வீடு, ஒன்பது வீடு...

புர்க்கோ பாவம், காலையில இருந்து அடக்கிக்கிட்டு நின்னுச்சு. கப்பல் நிக்கட்டும்னு பாத்துச்சு. கப்பல் நிக்கவே இல்ல. மெதுவா நாலு எட்டு வச்சு வந்துச்சு, காகிதத்து மேல நின்னுச்சு.

சர்ர்ர்ர்ர்ர்ர்ர்...

மை கரைஞ்சுது. ஏழு ஆறும் ஒண்ணாக் கலந்துச்சு, மலை வழிஞ்சுது, ஒட்டின காகிதம் பிரிஞ்சு அரண்மனை தனியா மிதந்து போச்சு. கேப்டன் குனிஞ்சு பாத்தான். பாக்க ஒண்ணுமே இல்ல. வேற வழியில்லாம, கப்பல் ஓட்டும்போது முதல் தடவையா, தலையை நிமிர்த்தினான்.

"அட! இங்க ஒரு ஊர் இருக்கே!"

கப்பல் நின்னுச்சு. துயாரா மருந்துப் பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு முழங்கால் தண்ணியில குதிச்சு ஓடினா. மக நெஞ்சுல மருந்தைப் பரபரன்னு தேச்சா. ராத்திரி ஆகறதுக்குள்ள ஆய்க்கா டீ கேட்டா, அதுவும் ரெண்டு கப்பு.

அப்புறம் கேப்டன் வருஷா வருஷம் வந்தான். கையில வரைபடம் இல்ல. தலைநகரத்துல கேட்டா, கண்ணால பாத்துப் போறேன்னு சொல்ல வெக்கப்பட்டு, வாசனை பிடிச்சுப் போறேன்னு சொல்லிட்டான்.

மூட்டையெல்லாம் இறக்கியாச்சு, கதையையும் இறக்கி வச்சாச்சு. போர்வையை இழுத்துப் போத்திக்கோ தங்கம், தூங்கு.