பைக்குக் காவல்

ஆவுடையப்பன் தன் குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். அதில் அவருக்குக் கூச்சம் எதுவும் கிடையாது. குரு பேராச்சியம்மாளுக்கும் கிடையாது. இவர் அவரை 'அம்மா' என்பார். அவர் இவரை 'அண்ணாச்சி' என்பார்.

கல்லிடைக்குறிச்சியில் பிறந்த பேராச்சியம்மாள் இருபது வருடமாக வடக்கே ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் இருந்தார். மரம் என்று பேருக்கு ஒன்றுகூட முளைக்காத உயரம் அது. சுற்றிலும் மொட்டை மலை, நடுவில் ஒரு கல் குடில். பேச்சுத் துணைக்குக் காற்று உண்டு.

ஐப்பசி பிறந்த கையோடு ஆவுடையப்பன் அங்கே போய்ச் சேர்ந்தார். தோளில் ஒரு பை. பையில் கம்பளி, மாத்திரை, புளியோதரைப் பொடி, டைரியில் கிழித்த ஒரு தாள். தாளில் அவர் மனைவி கோமுவின் கையெழுத்தில் பதினோரு இடங்கள். இரண்டு பேரும் சேர்ந்து வருவதாகத்தான் இருந்தது. மாசி மாதம் கோமு போய்விட்டாள்.

"இன்னும் ஆறு நாள்ல பனி விழுந்து பாதையை அடைச்சிருவாங்களாம். பதினோரு இடம் இருக்கு. எப்படிப் போனா முழுசாப் பார்த்ததாவும்? நீங்கதாம்மா வழி சொல்லணும்."

பேராச்சியம்மாள் டீயை ஆற்றிக் கொடுத்தார்.

"இதுக்கு முன்ன எங்கெல்லாம் போயிருக்கிய?"

"காசி, கயா, பூரி, துவாரகை... ரயில்வே பாஸ்ல ஒண்ணு விடல."

"காசி எப்படி இருந்தது?"

ஆவுடையப்பன் பக்கத்திலிருந்த பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

உள்ளதைச் சொன்னால், அவர் எந்த ஊரையும் பார்த்ததில்லை. முப்பத்து நாலு வருடம் ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்த மனிதர். மூட்டை என்றால் திருடன் ஞாபகம்தான் வரும் அவருக்கு. எந்தக் கோயிலுக்குப் போனாலும் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார். "நீ போயிட்டு வா, நான் பையையும் செருப்பையும் பார்த்துக்கிடுதேன்" என்பார். கோமு உள்ளே போவாள். பார்த்துவிட்டு வந்து சொல்லுவாள்.

"அவளும் ஒழுங்காப் பார்த்தாளாங்கிய? அதுவும் கிடையாது," என்று குருவிடம் முறையிட்டார். "ராமேசுவரத்துல இருபத்திரண்டு தீர்த்தம். அஞ்சுல குளிச்சிட்டு ஈரத் தலையோட வந்து நிக்கா. மிச்சம் எங்கட்டின்னு கேட்டா, 'நீங்க ஒத்தையில உக்காந்திருப்பியளேன்னு வந்துட்டேன்'ங்கா. இம்புட்டு தூரம் வந்து அரையும் குறையுமாப் பார்க்கிறதுக்கு எதுக்கு வரணும்? வந்தவ, ஒரே ஒரு தூணுல இருந்த கிளியப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவா. கிளி மூக்கு கொஞ்சம் உடைஞ்சிருக்காம், அது சிரிக்கிற மாதிரி இருக்காம்!"

மிச்சமிருந்த டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

"இதையாவது அவளுக்காக ஒண்ணு விடாம முழுசாச் செய்யணும்மா."

"நாளைக்கு முதல்ல எது?"

தாளைப் பிரித்துப் பார்த்தார். "ஏரி."

"நானும் வாரேன். பையை நான் பார்த்துக்கிடுதேன். நீங்க பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

மறுநாள் விடிந்ததும் நவாங் என்ற உள்ளூர்க்காரர் ஜீப்பில் கொண்டுபோய் மலையடியில் விட்டார். அங்கிருந்து ஏரிக்கு ஒரு மணி நேர ஏற்றம். பேராச்சியம்மாள் ஒரு பாறைமேல் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். பையை இன்னொருத்தர் மடியில் விட்டுப் போவது ஆவுடையப்பனுக்கு அதுதான் முதல் தடவை. நாலு எட்டுக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினார்.

போன சூட்டோடு இறங்கி வந்துவிட்டார்.

"பார்த்தாச்சும்மா. அடுத்த இடத்துக்குப் போவோமா?"

"என்ன பார்த்திய?"

"ஏரி."

"அப்புறம்?"

"நீலமா இருந்தது."

"சரி. நாளைக்கும் இங்கதான் வாரோம்."

ஆவுடையப்பன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். ஒரு நாள் போய்விட்டது. மீதி ஐந்து நாள், பத்து இடம். ஆனாலும் குரு சொல்லைத் தட்ட முடியாதே.

இரண்டாம் நாள் அவர் தயாராகப் போனார். ஒரு கரையை எட்டு வைத்து அளந்தார். மலைகளை எண்ணினார். தண்ணீருக்குள் கையை விட்டு, வெடுக்கென்று எடுத்தார். இறங்கி வந்து மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

"அந்தக் கரை எண்ணூத்திப் பத்து எட்டு. சுத்தி ஏழு மலை. மூணுல பனி, நாலுல இல்ல. தண்ணி ஐஸ்."

"பார்சல் ரசீதை வாசிக்கிற மாதிரி இருக்கு அண்ணாச்சி. நாளைக்கும் வருவோம்."

மூன்றாம் நாள் அவர் கோபத்தோடுதான் ஏறினார். குருவாவது ஒன்றாவது! பதினெட்டு வயது சின்னவளுக்கு என் கஷ்டம் என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். மேலே போனதும் மூச்சு வாங்கியது. கரையில் ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்தார். இன்றைக்கு எதையும் பார்ப்பதாக இல்லை என்று வீம்பாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவ்வளவு பெரிய இடத்தில் ஓர் ஆள்கூட இல்லை. ஈ, காக்கை கிடையாது. தன் நெஞ்சு அடிப்பது தனக்கே கேட்டது. எட்டு மாதமாக வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த அதே அமைதிதான். இங்கே அதற்குச் சுவர் இல்லை, அவ்வளவே.

அப்போது எங்கேயோ ஒரு சத்தம். மொறுக்.

கண்ணைத் திறந்தார். யாரும் இல்லை. மறுபடியும் மொறுக், மொறுக். கரையோரமாகக் கண்ணாடி மாதிரி ஐஸ் கட்டியிருந்தது. வெயில் மலையைத் தாண்டி எட்டிப் பார்த்து, அந்த ஐஸ் விளிம்பைத் தொட்டுக்கொண்டே வந்தது. தொட்ட இடமெல்லாம் ஐஸ் விரிசல் விட்டு நொறுங்கியது. பந்தியில் ஒருத்தர் அப்பளத்தை நொறுக்க, அடுத்தவர் நொறுக்க, அந்தக் கோடிவரைக்கும் சத்தம் போகுமே, அப்படிப் போனது. ஏழு மலைக்கு நடுவில், எழுபது இலை போட்ட பந்தி!

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று இடது பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, கேட்டியா?"

இடது பக்கம் கல்தான் இருந்தது.

கோமு போன அன்றைக்கு வீடு கொள்ளாத கூட்டம். காப்பி கொடுக்கவும் நாற்காலி போடவும் அவருக்கு நேரம் சரியாக இருந்தது. யாருடைய பை எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்த்துக்கொண்டார். அழத்தான் தோதுப்படவில்லை. இப்போது கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதார். பார்க்க ஆள் இல்லாததால் நன்றாகவே அழுதார்.

அழுது முடித்து முகத்தைக் கழுவியபோது சத்தம் ஏரியின் அந்தக் கோடிக்கு நகர்ந்துகொண்டிருந்தது. பின்னாலேயே போனால் முழுவதையும் கேட்கலாம். எழுந்தார். பத்து எட்டு நடந்தார். நின்றார். பிறகு திரும்பி, கீழே பார்த்து ஓட ஆரம்பித்தார். அறுபத்தொரு வயதில், அந்த உயரத்தில் ஓடினால் என்ன ஆகும் என்ற யோசனைகூட இல்லாமல் ஓடினார்.

பேராச்சியம்மாள் அதே பாறையில், பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா! அப்பளம்மா! ஏரி முழுக்க அப்பளம்!"

உட்காராமலே சொல்லத் தொடங்கினார். கையை ஆட்டிச் சொன்னார். மொறுக் என்று சத்தம் போட்டுக் காட்டினார். பந்தியில் சாம்பார் வாளி தூக்கி வருகிறவனைப் போல வெயில் வந்தது என்றார். சொன்னதையே திரும்பச் சொன்னார். அழுததையும் மறைக்கவில்லை. பேராச்சியம்மாள் பைமேல் மோவாயை வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் கேட்டார். எவ்வளவு நேரம் போனதோ, வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

நவாங் ஜீப்பைப் புழுதி பறக்க ஓட்டி வந்தார். பேராச்சியம்மாளிடம் இந்தியில் வேகமாகப் பேசினார். அம்மாள் ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார்.

"மேல கணவாயில இந்த வருஷம் முந்தியே பனி விழுந்திட்டாம். அந்தப் பக்கம் பாதையை அடைச்சிட்டாங்க. நீங்க இன்னைக்கே கீழ இறங்கிரணும் அண்ணாச்சி."

ஆவுடையப்பன் முகம் செத்துவிட்டது. பையைத் திறந்து தாளை எடுத்தார். அடித்திருந்த முதல் வரியைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

"பத்து இடம் விட்டுப்போச்சேம்மா. அவளுக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?"

பேராச்சியம்மாள் பாறையிலிருந்து இறங்கி, சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"ஏரியையாவது முழுசாச் சுத்திப் பார்த்தியளா?"

"இல்ல. பாதியிலேயே ஓடியாந்துட்டேன்."

"ஏன்?"

"நீங்க இங்க ஒத்தையில உக்காந்திருப்பியளேன்னு..."

ஆவுடையப்பன் கையிலிருந்த தாள் காற்றில் படபடத்தது.

பேராச்சியம்மாள் பையை அவர் தோளில் மாட்டிவிட்டார்.

"இதை அப்படியே சொல்லுங்க அண்ணாச்சி. பத்து இடத்தை அவங்க கேக்க மாட்டாங்க."