பொன் விலைக் கந்தகம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். நாட்டை ஆள்வதைவிடக் கடைத்தெருவுக்கு விலை வைப்பதில்தான் அவருக்கு ஆசை அதிகம். போன மாதம் கரியின் விலையை ஏற்றி, கொல்லர் உலைகளை மூன்று நாள் அணைய வைத்தார். அதற்கு முந்தைய மாதம் காற்றுக்கே விலை வைக்கப் பார்த்தார். நல்லவேளை, அளக்கப் படி அகப்படவில்லை.

இந்த மாதம் அவர் கண்ணில் பட்டது கந்தகம். மருந்துக் கடையில் ஒரு கட்டி வெயிலில் மின்னியதைப் பார்த்துவிட்டு, "பொன்னும் மஞ்சள், இதுவும் மஞ்சள். இது மட்டும் ஏன் இப்படி மலிந்து கிடக்கிறது?" என்று சபையில் கேட்டார்.

மந்திரி வல்லபராயர் எழுந்தார். அவர் கிடங்கில் முப்பது மூட்டைக் கந்தகம் விலைபோகாமல் கிடந்தது. ராஜாவுக்கு அது தெரியாது.

"தங்கள் கண்ணே உரைகல், பிரபு. இன்று முதல் கந்தகமும் பொன்னும் ஒன்று, எடைக்கு எடை ஒரே விலை என ஆணையிடலாம். வேற்றுமை பேசுபவர், விகடகவியே ஆனாலும், நாடு கடத்தப்பட வேண்டும்" என்றார்.

ராஜா முத்திரை வைத்தார். மாலைக்குள் முப்பது மூட்டையும் பொன்னுக்கு மாற்றிக்கொள்வதற்காகக் கருவூலத்தில் போய் இறங்கின.

சபை கலைந்ததும் விகடகவி ஏகம்பன் கிளம்பினான். வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் மூன்றும் சொறிந்துகொண்டிருந்தன. மழைக்காலத்துச் சிரங்கு, தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை. கந்தகத்தைப் பொடித்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினால் ஆறிவிடும்.

"மருந்துக் கடைக்காரரு ஒரு காசுக்குக் கை நெறைய அள்ளிக் குடுப்பாரு. இன்னைக்கு என் தாலியைக் கேக்காத குறைதான்" என்றாள் மனைவி செங்கமலம். "ராசா பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா நாம அடுத்த ராச்சியத்துல போய்ச் சொறியணும்."

சிரிக்கச் சொன்னதுதான். கடைக்குட்டியின் விரலிடுக்கில் ரத்தம் கசிவதைப் பார்த்ததும் ஏகம்பன் சிரிப்பை விட்டுவிட்டு மேல்துண்டால் அதை ஒற்றியெடுத்தான்.

மறுநாள் வல்லபராயருக்குத் துலாபாரம். இருபத்தைந்து வருஷச் சேவைக்குப் பரிசாக எடைக்கு எடை பொன் தருவதாக ராஜா முன்பே வாக்களித்திருந்தார். ஏகம்பன் பணிந்து நின்று, "மந்திரியாரின் எதிர்த்தட்டை நிரப்பும் பாக்கியத்தை அடியேனுக்கு அருள வேண்டும்" என்றான். ராஜா தலையசைத்தார். விகடகவி வழிக்கு வந்துவிட்டான் என்று மந்திரிக்கு உச்சி குளிர்ந்தது. தராசுக்காக அன்று காலை அவர் பத்து இட்டிலி கூடுதலாகவே சாப்பிட்டிருந்தார்.

மந்திரி தட்டில் ஏறிச் சம்மணமிட்டார். ஏகம்பன் கைகாட்ட, காவலர்கள் கருவூலத்திலிருந்து இரண்டு மூட்டைகளைத் தூக்கிவந்து மறுதட்டில் வைத்தார்கள். தட்டுகள் சமமாயின. ஏகம்பன் ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்தான்.

"என்ன இது?" என்றார் மந்திரி.

"பொன், மந்திரியாரே."

"இது கந்தகம்."

"தயவுசெய்து வேற்றுமை பேசாதீர்கள். ஆணை தங்கள் வாயிலிருந்து வந்தது."

மந்திரி ராஜாவின் பக்கம் திரும்பினார். "பிரபு, என் உழைப்புக்கு இந்தக் குப்பையா பரிசு? இரண்டு வருஷமாக விற்கப் பார்க்கிறேன், மூட்டை ஒரு பணத்துக்குக்கூட வாங்க ஆளில்லை" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தம் முட்டாள்தனம் புரிந்து முகம் சிவந்தது. பிறகு சால்வை நழுவி விழுமளவுக்குச் சிரித்தார்.

"வல்லபராயரே, ஆணைப்படி நீர் இன்றே வண்டி கட்ட வேண்டும். ஆணையைக் கிழித்தால்தான் பிழைப்பீர். கிழிக்கட்டுமா?"

"கிழித்துவிடுங்கள், பிரபு."

ஓலை இரண்டாயிற்று. "ஏகம்பா, உனக்கு என்ன வேண்டும்?"

"கருவூலத்துக்கு வந்த முப்பது மூட்டையும். மந்திரியாரே குப்பை என்றுவிட்டார். ஊரே சொறிந்துகொண்டிருக்கிறது."

"கொடுத்தேன். நூறு பொன்னும் சேர்த்து வாங்கிக்கொள்" என்ற ராஜா, அவனை அருகில் அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு கைப்பிடி மட்டும் அந்தப்புரத்துக்கு அனுப்பிவை. எண்ணெய் எவ்வளவு விட வேண்டும் என்று உன் மனைவியிடம் கேட்டுச் சொல்."