வெண்பூசணி பூசிக்கொண்ட சாம்பல்

அந்தக் காலத்தில் காய்களுக்கும் வாய் இருந்தது, ஆயுள்தான் இல்லை. அழுகல் என்று ஒருவன் தினமும் விடிந்ததும் வீடு வீடாக வருவான். முந்தின நாள் பறித்ததை எல்லாம் தொட்டுவிட்டுப் போவான். அவன் தொட்டால் அதோடு சரி. கத்தரி, வெண்டை, அவரை எதுவும் தப்பாது. மழைக்காலத்தில் தின்று மாளாது, கோடையில் ஒரு வாய்க்குக் கறி கிடையாது. ஜனங்கள் பாடு அப்படி இருந்தது.

காத்தாயி வீட்டுக் கூரையில் ஒரு வெண்பூசணி காய்த்திருந்தது. அப்போது அதன் தோல் வெறும் பச்சை. சரியான பயந்தாங்கொள்ளி அது. அரிவாளோடு அவள் வாசலுக்கு வந்தாலே கத்த ஆரம்பித்துவிடும்.

"ஆத்தா, என்னை அறுக்காதே! அறுத்தா நாளைக்கே அழுகல் வந்துருவான்."

"அட, நான் புல்லறுக்கப் போறேன்டா," என்று சிரிப்பாள் காத்தாயி. "உன்னை யாரு தொட்டா? நீ பாட்டுக்கு இரு."

சொன்னபடியே விட்டுவைத்தாள். குழம்புக்குக் காய் இல்லாத நாளிலும் அவள் கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை.

ஒரு சித்திரை மத்தியானம், பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போயிருந்தாள். வாசல் அடுப்பிலிருந்து பறந்த பொறி கூரை ஓலையில் பற்றிக்கொண்டது. பூசணி ஊரைக் கூப்பிட்டுக் கத்தியது. அந்த வெயிலில் ஒருவரும் வெளியே இல்லை. உள்ளே பிள்ளை தூங்குகிறது. கொடியை விட்டால் தன் கதை முடிந்தது என்று பூசணிக்குத் தெரியும். அழுதுகொண்டேதான் காம்பை முறித்துக்கொண்டது. எரிகிற ஓலைமேல் உருண்டு, அத்தனையையும் பிய்த்து வாரிக்கொண்டு வாசல் மண்ணில் போய் விழுந்தது. கூரை தப்பியது, பிள்ளையும் தப்பியது.

காத்தாயி குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு பார்த்தால், தோலெல்லாம் கன்றிப்போய்க் கிடந்தது பூசணி.

"ஆத்தா, பொழுது சாயறதுக்குள்ள என்னைக் குழம்பு வெச்சிரு. வீணாப் போகக் கூடாது."

"எந்தக் கையால உன்னை அறுப்பேன், என் சாமி?" என்று அழுதாள் அவள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆறிய சாம்பலை அள்ளி, புண்ணுக்குப் பூசுவதுபோல அதன் உடம்பு முழுக்கத் தடவி நிழலில் வைத்தாள்.

விடிந்ததும் அழுகல் வந்தான். தொடப் போன கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

"எரிஞ்சு சாம்பலானதுகிட்ட எனக்கு என்ன வேலை?"

பூசணி மூச்சுகூட விடவில்லை. மறுநாளும் வந்தான், பார்த்தான், போனான். அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

கோடை நீண்டுகொண்டே போனது. தோட்டம் காய்ந்தது. அரை வயிறு கஞ்சி குடித்துக் காத்தாயிக்குப் பால் வற்றியது. பிள்ளை பசியில் வீறிட்டு அழுதது. அப்போது பூசணியே பேசியது.

"ஆத்தா, அரிவாளை எடு."

"மாட்டேன்டா."

"ஒரு நாள்கூட தாங்க மாட்டேன்னு பயந்தவன் நான். உன் கைச் சாம்பலால இத்தனை காலம் இருந்துட்டேன். எனக்கு இது போதும். புள்ளைக்குப் பால் வேணும். விதையை மட்டும் மண்ணுல போட்டுரு."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அறுத்தாள். உள்ளே அன்று பறித்ததுபோல வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்தக் குழம்பைச் சாப்பிட்டு அவளுக்குப் பால் ஊறியது, பிள்ளை பிழைத்தது. மழை வந்ததும் விதையை ஊன்றினாள்.

அன்று முதல்தான் வெண்பூசணி உடம்பெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டே பிறக்கிறது. பறித்து மூலையில் வைத்தாலும் மாதக்கணக்கில் கெடாமல், வீட்டில் யாருக்காவது பசிக்கும் வரை காத்திருக்கிறது.