ஓடக்காரி மருதாயியும் சுரபூதமும்

ஆறுகளுக்கு இன்னும் பேர் வைக்காத அந்தக் காலத்திலே, அகன்ற ஓர் ஆற்றின் தென்கரையில் ஒரு சிற்றூர் இருந்தது. வடகரையில் தலைநகரம். நடுவே ஒரே ஓர் ஓடம். அதை ஓட்டியவள் மருதாயி.

கோரதந்தன் என்ற மந்திரவாதி காய்ச்சலாய் உடம்பை எரிக்கும் ஒரு சுரபூதத்தைச் செய்து சிற்றூருக்குள் ஏவினான். "நீ கொல்லும் ஒவ்வோர் உயிரின் ஆயுளும் எனக்கு வரணும். முதலில் ஊர், அப்புறம் நகரம்" என்றான். பூதத்துக்குக் காலில்லை, சிறகில்லை. ஒருவர் மூச்சிலிருந்து இன்னொருவர் மூச்சுக்குத் தாவித்தான் வாழ முடியும். தாவுவதற்குள் பிடித்த உடல் செத்தால் உள்ளிருக்கும் பூதமும் சாகும். பிழைத்து எழுந்தவரிடம் மறுபடி ஏற முடியாது.

ஊரில் பலர் மாண்டார்கள். மருதாயி ஓடத்தை நடு ஆற்றில் நிறுத்தினாள். "தானா நடந்து வந்து தானா ஏறுறவங்களுக்குத்தான் ஓடம்" என்றாள். தினமும் கரையில் கஞ்சிப் பானையை வைத்துவிட்டு விலகிப் போவாள். பிழைத்தவர்கள் அதை எடுத்துப் போய் நோயாளிகளுக்கு ஊட்டினார்கள்.

நகரத்துக்குப் போக நினைத்த பூதம் ஒரு குயவனைப் பிடித்து, எரித்துக்கொண்டே ஆற்றுக்குப் புறப்பட்டது. குயவன் பாதி வழியில் விழுந்தான். பூதம் ஒரு வளையல்காரரிடம் தாவியது. அவர் கரை வரை வந்து சரிந்தார். ஓடிவந்து அவரைத் தாங்கியவன் சடையன், மருதாயியின் புருஷன். மலைக்காட்டிலிருந்து அன்றுதான் திரும்பியிருந்தான். பூதம் அவனுக்குள் புகுந்தது. மற்றவர்கள் மாண்டோ பிழைத்து எழுந்தோ விட்டதால், ஊரில் அதற்கு மிஞ்சியிருந்த கடைசி உடல் அதுதான்.

சடையன் வாயால் பூதம் பேசியது. "மருதாயி, உன் புருஷன் சாகப் போறான். ஓடத்தைக் கொண்டு வா."

"தானா நடந்து வந்து தானா ஏறட்டும்." மருதாயி ஓடத்தை நகர்த்தவில்லை.

"உனக்கு மனசே இல்லையா?"

"இருக்கு. அக்கரையில ஒரு நகரமே இருக்கு. அவரைக் கொன்னா நீயும் அவரோட போயிடுவே."

பூதம் யோசித்தது. சூட்டைக் குறைத்தது. சடையன் எழுந்து உட்கார்ந்தான்.

"இப்போ?"

"தானா நடந்து வந்து தானா ஏறட்டும்."

இன்னும் குறைத்தது. அவன் எழுந்து நின்றான். கால் மடங்கி மறுபடி உட்கார்ந்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்போ?"

"தானா நடந்து வந்து தானா ஏறட்டும்."

பூதம் பிடியை நன்றாகத் தளர்த்தியது. மூக்கில் நமைச்சலும் தொண்டையில் கரகரப்பும்தான் மிச்சம். சடையன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நடந்து வந்து ஏறினான். ஏறியதும் தும்மினான். பிறகு மருதாயி தும்மினாள்.

அப்புறம் நகரமே தும்மியது. மக்கள் சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுச் சந்தைக்குப் போனார்கள். கொன்று திரிந்தபோது ஒரு சிற்றூரைத் தாண்டாத பூதம், கொல்லாமல் விட்டதால் நாடு நாடாகப் பரவியது.

ஆயுள் வந்து சேராமல் கோரதந்தனுக்குத் தோல் சுருங்கியது. "கொல்லு" என்று கத்தினான்.

"கொன்னா நான் எங்கே போய் வாழ்றது?" என்றது பூதம். மந்திரம் அறுந்தது. மந்திரவாதி மணலாக உதிர்ந்தான்.

நகரத்தைக் காத்ததற்கு வேண்டியதைக் கேள் என்றார் தலைநகரத்து அரசர். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்குத் தென்கரையில் ஒரு வீடு கேட்டாள் மருதாயி. அரசர் பெரிதாகவே கட்டித் தந்தார்.

வீடு திரும்பும்போது மெல்லக் கேட்டாள். "அன்னிக்கு நீங்க கிடந்தப்போ நான் வரலைன்னு கோபமா?"

"வந்திருந்தா அது என்னை விட்டிருக்காது, மருதாயி" என்றான் சடையன். துடுப்பை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

அவர்கள் கரை சேர்ந்தார்கள். கேட்ட நீங்களும் சுகமாக இருங்கள்.