நாலாவது தறி

செங்கோடன் வீட்டில் தறி நாலு. ஊருக்குத் தெரிந்தது நாலு. அரண்மனைக்குத் தெரிந்தது மூன்று.

அன்று காலை கூழ் குடிக்க வந்த குருவிடம் அவன் கேட்டான்: "சாமி, ஒத்தத் தறிய மறைச்சா ராசா வீட்டு அடுப்பு அணைஞ்சா போயிடும்? இதுல யாருக்கு என்ன நட்டம்?"

குரு கூழை உறிஞ்சினார். அவர் வாய் திறப்பதற்குள், தெருவில் தறிவரி வாங்கும் தண்டல்காரரின் குரல் கேட்டுவிட்டது.

செங்கோடன் துள்ளி எழுந்தான். ஒளித்த தறி பிடிபட்டால் நாலையும் பிடுங்கிக்கொண்டு போவார்கள். நாலாவது தறியில் கட்டியிருந்த பாவு நூலைச் சுருட்டிப் பரணில் எறிந்தான். நெய்கிற ஆளைப் பார்த்தாலும் தறி எங்கே என்பார்களே! அந்தத் தறியில் கூலிக்கு நெய்யும் பாவாயியை, நெய்பவர் கால் விடும் தறிக்குழிக்குள் குந்தவைத்து, பலகை போட்டு மூடி, மேலே பாயை விரித்தான்.

"தூளியில என் புள்ள அழுதா?" என்றாள் உள்ளேயிருந்து.

"அழாது. நீ மூச்சுக் காட்டாதே."

தண்டல்காரர் நுழைந்தார். "தறி எத்தனை?"

"மூணுங்க."

குரு எழுந்தார். நேராகப் போய் அந்தப் பாயில் சம்மணமிட்டார். "வெயில்ல வந்திருக்கீங்க. இப்படி உட்காருங்க."

தண்டல்காரருக்கு நல்ல கனத்த உடம்பு. அவர் உட்கார்ந்ததும் பலகை முனகியது.

மூலையில் தூளி அசைந்தது. பிள்ளை வீறிட்டது.

"இது பசி அழுகையாச்சே. தாய்க்காரி எங்கே?" என்றார் தண்டல்காரர்.

"தண்ணிக்குப் போயிருக்காங்க."

பலகைக்கு அடியில் டொக்கென்று ஒரு தட்டு.

"எலிங்க."

"அடேயப்பா! சோறு போட்டு வளர்க்கிறியோ?"

செங்கோடன் கண்ணாலேயே குருவைக் கெஞ்சினான். அவரோ, "உங்க பக்கம் மழை எப்படி?" என்று தண்டல்காரரிடம் ஆரம்பித்துவிட்டார். பிள்ளை கத்திக் கத்திக் குரல் கம்மியது. கீழே தட்டு, மறுபடி தட்டு. அப்புறம் தட்டும் நின்றுபோனது.

"எந்திரிங்க சாமி! நாலு! தறி நாலு!"

செங்கோடன் பாயை இழுத்து வீசிப் பலகையைப் பெயர்த்தான். பாவாயி வேர்வையும் மண்ணுமாகத் தொற்றி ஏறினாள். யாரையும் பார்க்கவில்லை. பிள்ளையை வாரிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அழுகை அடங்கியது.

தண்டல்காரர் ஆட்களைக் கூப்பிட வாசலுக்குப் போனார்.

"உள்ள ஆள் இருக்கறது தெரிஞ்சுமா மேல உட்கார்ந்தீங்க?" என்று செங்கோடன் குருவிடம் கேட்டான்.

"மூணுன்னு நீதானே சொன்னே," என்றார் குரு. "நாலாவது குழி ஏது? நான் வெறும் தரையிலதான் உட்கார்ந்தேன்."