ஓணானுக்குக் கப்பம் கட்டாத பட்டுப்பூச்சி

மலையடிவாரக் காட்டில், ஓடைக்கரையில் ஓர் இலவங்க மரம். அதன் உச்சிக் கிளையில், கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தாள் செவலை என்ற காட்டுப் பட்டுப்பூச்சி. இரண்டு உள்ளங்கை அகலத்துக்குச் செம்பழுப்புச் சிறகுகள். நுனி இரண்டும் பாம்பின் தலை போலவே இருக்கும்.

புழுவாக இருந்தபோது நாற்பது நாள் இலை தின்றாள். இனி தின்ன அவளுக்கு வாய் கிடையாது. உடம்பில் சேர்த்த கொழுப்பு நாலைந்து நாளைக்குத்தான் வரும். துணையோடு கூடியதும், முட்டையிட இலை தேடிக் கீழ்க்கிளைக்கு வந்தாள்.

முரடன் என்ற ஓணான் வழிமறித்தான்.

"நில்லடி! என் மரத்தில் முட்டையிட்டால் பாதி எனக்குக் கப்பம்!"

"உன் மரமா? நீயா நட்டாய்?"

பக்கத்து இலையில் ஒடுங்கியிருந்த மயிலை என்ற மூத்த பட்டுப்பூச்சி பதறினாள். "வாயைக் கொடுக்காதே, தங்கச்சி! நானும் பாதியைக் கொடுத்துவிட்டேன். மீதியாவது பிழைக்கட்டும்!"

"எங்கே அக்கா அந்த மீதி?"

மயிலை திரும்பிப் பார்த்தாள். இலையில் ஈரத்தடம் மட்டுமே இருந்தது. முரடன் நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"பசித்தது, தின்றேன். வாயில்லாப் பூச்சிகள்! உங்களால் என்ன செய்ய முடியும்?"

செவலைக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"கொடுத்த வாக்கையும் சேர்த்துத் தின்றாயே, பாவி! தின்னத்தான் எனக்கு வாயில்லை. கோபத்துக்குக் குறைச்சல் இல்லை!"

முரடன் பாய்ந்தான். அவள் சிறகின் ஓரம் கிழிந்தது. செவலை விலகவில்லை. கிழிந்த சிறகையும் சேர்த்து விரித்தாள். படபடவென்று அடித்தபடி அவன் முகத்துக்கு நேரே போனாள். இரண்டு பாம்புத் தலைகள் சீறி ஆடின. அதுவரை சிறகை ஒடுக்கிக் கெஞ்சியவர்களையே பார்த்திருந்த முரடன் பின்வாங்கினான்.

"ஐயோ! பாம்பு! ரெண்டு பாம்பு!"

பிடி நழுவி ஓடையில் விழுந்தான். அக்கரையேறி ஓடியவன் ஓடியவன்தான்.

"நானும் அன்றைக்கே எதிர்த்திருந்தால்..." என்று மயிலை விம்மினாள்.

"அழாதே அக்கா! வயிற்றில் மிச்சம் இருந்தால் இங்கேயே இடு. எவன் வருகிறான் என்று பார்க்கிறேன்!"

செவலையின் ஆத்திரம் ஆறவே இல்லை. ஓடையை முறைத்தபடியே முட்டையிட்டு முடித்தாள். நான்காம் நாள் உயிர் விட்டாள். பத்து நாள் கழித்து, அந்த மரமெங்கும் குட்டிப் புழுக்கள் இலையைக் கடிக்கத் தொடங்கின.

அக்கிரமக்காரனுக்குப் பயந்து பாதியைக் கொடுத்தால், அவன் மீதியையும் விடமாட்டான்.